பழைய ஆர்கேட் ஆட்டத்தை டிவியில் செருகி ஆடும் பெட்டியாகக் கட்டுவது எப்படி

டிவியின் பின்புறம் ஒரு கம்பியைச் செருகி, சுவிட்சைப் போட்ட சில விநாடிகளில் ஆட்டம் திரையில் வந்து நிற்க வேண்டும். கீபோர்டு, மெனு, கடவுச்சொல், வைஃபை எதுவும் இடையில் தலைகாட்டக் கூடாது. செருகி ஆடும் பெட்டிக்கு நான் வைத்திருக்கும் இலக்கணம் இவ்வளவே. 1990களில் கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து வீடுகளில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் புழங்கிய கேசட் பெட்டிகள் இந்த இலக்கணத்தை முழுமையாக நிறைவேற்றின. நின்டெண்டோவின் ஃபேமிகாம் இயந்திரத்தை ஒரே சில்லுக்குள் அடக்கிய நகல்கள் அவை. ஆனால் அவற்றில் நாம் ஆடிய பேக்-மேன் (புதிர்வழியில் பேய்களிடம் சிக்காமல் புள்ளிகளைத் தின்னும் ஆட்டம்), காசு போட்டு ஆடும் ஆர்கேட் கூடத்தில் நின்ற பேக்-மேன் அன்று. ஆர்கேட் திரை நின்றவாக்கில் 224 பிக்சல் அகலமும் 288 பிக்சல் உயரமும் கொண்டது. ஃபேமிகாமின் திரையோ கிடைவாக்கில் 256க்கு 240. ஆகவே புதிர்வழியை இறுக்கி, ஸ்கோரை வலப்பக்கம் ஒதுக்கித்தான் அதைப் பொருத்தினார்கள். போதாக்குறைக்கு, நம் பழைய டிவிகள் விநாடிக்கு 50 முறை புதுப்பிக்கும் பால் (PAL) முறையைச் சேர்ந்தவை. 60க்கு எழுதப்பட்ட ஆட்டத்தை மாற்றமின்றி 50இல் ஓட்டினால் ஆறில் ஐந்து பங்கு வேகமே கிடைக்கும். சிறுவயதில் நான் என்னைப் பெரிய ஆட்டக்காரன் என்று நினைத்துக்கொண்டதில் ஒரு பங்கு இந்த மெத்தனத்தைச் சேரும்.

இன்றைக்கு அதே எளிமையுடன், ஆனால் அசலின் நடை கெடாமல், ஒரு பெட்டியை வீட்டிலேயே செய்துகொள்ள முடியும். பழைய இயந்திரத்தைப் போல நடிக்கும் எமுலேட்டர் நிரலில், அசல் ஆட்டத்தின் நிரல் அடங்கிய ரோம் கோப்பைப் போட்டு ஓட்டும் வழியை நான் இங்கே சொல்லப் போவதில்லை. 1997இல் தொடங்கிய மாமே திட்டம் அந்தப் பணியை மிகச் சிறப்பாகச் செய்துவருகிறது; அதைப் பற்றிச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே சொல்வது, ஆட்டத்தின் நடத்தையை அளந்து அறிந்து, நிரலை முதலிலிருந்து நாமே எழுதும் முறை. இதில் படம் வரைவது அரை நாள் வேலை. மீதி நாட்கள் முழுவதும், அந்தக் காலத்து வன்பொருளால் எதைச் செய்ய முடியாமல் போனது என்பதைக் கண்டுபிடித்து, அந்த இயலாமையை நம் வேகமான சில்லின் மேல் வேண்டுமென்றே சுமத்துவதில் கழியும். ஆட்டத்தின் சுவையில் பெரும்பங்கு அந்த இயலாமையில்தான் ஊறிக் கிடக்கிறது.

உரிமை பற்றி முதலிலேயே ஒரு சொல். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பின் கணக்கிலேயே சேர்க்கிறது. ஆட்டத்தின் விதி பொதுச் சொத்தாக இருக்கலாம். ஆனால் உருவங்கள், இசை, பெயர் ஆகியவை அப்படியல்ல. 1982இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், புள்ளி தின்னும் வேறொரு ஆட்டம் பேக்-மேனின் உருவங்களுக்கு மிக நெருங்கி வந்துவிட்டது என்று கூறி அதன் விற்பனைக்குத் தடை விதிக்க வழி செய்தது. ஆகவே பெட்டி உங்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதாக இருந்தால் உருவம், பெயர், இசை மூன்றையும் சொந்தமாக வரைந்து, வைத்து, அமைத்துக்கொள்ளுங்கள். நடையை மட்டும் அசலிலிருந்து எடுங்கள்.

முதல் ஆட்டமாக ஸ்பேஸ் இன்வேடர்ஸ்

முதன்முறை செய்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ். விதிகள் சிறியவை, இடம், வலம், சுடு என்ற மூன்றே கட்டளைகள் போதும், நிரலின் ஒவ்வொரு மூலையிலும் கற்றுக்கொள்ள ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது.

ஐந்து வரிசை, வரிசைக்குப் பதினொருவர் என்று 55 ஏலியன்கள் அணிவகுத்து இறங்குகிறார்கள். ஆட்கள் குறையக் குறைய அணியின் வேகம் கூடுகிறது. கடைசி ஒருவன் வெறி பிடித்தவனைப் போல ஓடுகிறான். இதைப் பார்த்து எழுதப் புகும் புதியவர் பெரும்பாலும் ஒரு வேக மாறியை வைத்து, ஒவ்வொருவர் சாகும்போதும் அதைச் சற்றுக் கூட்டுவார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பார்வைக்குச் சரியாக இருந்தது, கைக்குச் சரியாக இல்லை. உண்மையில் அந்த இயந்திரத்தில் இருந்தது 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இன்டெல் 8080. உருவங்களை நகர்த்தித் தரும் தனி வன்பொருள் எதுவும் கிடையாது. ஒவ்வொரு புள்ளியையும் அதே சில்லே நினைவகத்தில் எழுதியாக வேண்டும். 55 பேரையும் ஒரே ஃபிரேமில், அதாவது திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும் நேரத்தில், அழித்து வரைய அதற்கு நேரம் போதாது. ஆகவே ஒரு ஃபிரேமுக்கு ஒருவர் வீதம் நகர்த்தினார்கள். 55 பேரும் உயிருடன் இருந்தால் அணி முழுவதும் ஓரடி வைக்க 55 ஃபிரேம்கள், அதாவது ஏறத்தாழ 0.9 விநாடி ஆகும். 11 பேர் மிஞ்சினால் அதே ஓரடிக்கு 11 ஃபிரேம்கள். ஒருவன் மட்டும் மிஞ்சினால் ஒவ்வொரு ஃபிரேமும் அவன் முறைதான். வேகத்தைக் கூட்டும் கட்டளை என்று அதில் எதுவும் இல்லை. வேலை குறைந்தது, வேகம் தானாக வந்தது.

நம் நிரலில் இதைக் கட்டும் விதம் இது. அணி முழுமைக்கும் ஒரே ஒரு ஆதாரப் புள்ளியை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஏலியனின் இடமும் அந்த ஆதாரத்திலிருந்து அவனுடைய வரிசை, பத்தி எண்ணைக் கொண்டு கணக்கிடப்படட்டும். ‘இப்போது யார் முறை’ என்று காட்டும் ஒரு சுட்டு எண், கீழ் வரிசையின் இடது ஓரத்தில் தொடங்கி வலப்பக்கமாகப் போய், பிறகு மேல் வரிசைக்கு ஏறட்டும். ஒரு ஃபிரேமில் அந்தச் சுட்டு அடுத்த உயிருள்ள ஏலியனைத் தேடிப் பிடித்து, அவனை மட்டும் புதிய ஆதாரத்தின்படி வரைய வேண்டும்; இறந்தவர்களைத் தாண்டிச் செல்வதற்கு ஃபிரேம் செலவாகக் கூடாது. சுற்று முடிந்ததும் ஆதாரப் புள்ளி 2 பிக்சல் நகர்கிறது. சுற்றின் நடுவில் எவனாவது ஓரத்தைத் தொட்டிருந்தால், அடுத்த சுற்றுக்கு அணி 8 பிக்சல் இறங்கித் திசை திரும்புகிறது. இவ்வளவு செய்துவிட்டால், அணி நடக்கும்போது கீழிருந்து மேலாக ஓர் அலை பாய்வது போன்ற நெளிவு தானாகவே வந்துவிடும். நாற்று வயலில் காற்று அடித்தாற்போன்ற அந்த நெளிவைத் தனியாக அசைவூட்டம் செய்து கொண்டுவர முயன்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது வீண் உழைப்பு.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. ஒருவனைச் சுட்டு வீழ்த்தியதும் வெடிப்புப் படம் திரையில் நிற்கும் சிறு பொழுதுக்கு மற்றவர்கள் அனைவரும் நின்றுவிடுகிறார்கள். அதனால் விடாமல் குறி தவறாமல் சுடுபவருக்கு அணி மெதுவாகத் தெரியும். இதைப் பிழை என்று எண்ணி நீக்கிவிட்டால், திறமைக்குக் கிடைக்கும் சன்மானத்தையே நீக்கியவர்கள் ஆவோம். அதுபோலவே, ஆட்டக்காரரின் குண்டு ஒரு நேரத்தில் ஒன்றுதான் திரையில் இருக்கலாம். குறி தவறினால் அது மேலே போய் முடியும் வரை கை கட்டி நிற்க வேண்டும். குறி தவறியதற்கான தண்டனை அந்தக் காத்திருப்பு. எதிரிகளின் குண்டுகள் மூன்று வகைப்பட்டவை. அவற்றையும் ஒரு ஃபிரேமுக்கு ஒன்று என்ற முறை வைத்தே அசல் நகர்த்தியது. அவற்றுள் ஒரு வகை மட்டும் நீங்கள் நிற்கும் பத்தியை நோக்கி விழும். மற்றவை முன்பே எழுதி வைத்த பத்தி வரிசையைப் பின்பற்றும்.

மேலே பறந்து போகும் தட்டுக்கு 50, 100, 150, 300 என்று மதிப்பெண் மாறுவதைப் பலர் குருட்டு அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறார்கள். அசலில் அது நீங்கள் அதுவரை சுட்ட குண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது: 23ஆவது குண்டால் தட்டை அடித்தால் 300, அதன்பின் ஒவ்வொரு 15ஆவது குண்டுக்கும் 300. சீரற்ற எண்ணை உருவாக்கும் கட்டளையை இங்கே பயன்படுத்த வேண்டாம். எண்ணிப் பார்த்துச் சுடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆட்டக்காரர் ஒளிந்துகொள்ளும் கேடயங்களைப் பொறுத்தவரை ஒரே வழிதான் சரிவரும். அசலின் திரை நினைவகம் 7,168 பைட். 224ஐ 256ஆல் பெருக்கி எட்டால் வகுத்தால் வருவது அது. புள்ளிக்கு ஒரு பிட். மோதலைக் கண்டுபிடிப்பதற்குக் கட்டங்களை ஒப்பிடாமல், ‘நான் எழுதப் போகும் இடத்தில் ஏற்கெனவே புள்ளி எரிகிறதா’ என்று திரையையே கேட்டது அந்த நிரல். நீங்களும் அதே அளவில் ஒரு பிட் வரைபடத்தை நினைவகத்தில் வைத்து, குண்டு வெடிக்கும் உருவத்தின் வடிவில் கேடயத்தின் புள்ளிகளை அழியுங்கள். அப்போதுதான் கறையான் அரித்தது போன்ற அந்த ஓட்டை விழும். அந்த ஓட்டை வழியாகச் சுடும் தந்திரமும் கிடைக்கும்.

பேக்-மேனில் பதினாறில் ஒரு பங்கு

இரண்டாவது ஆட்டமாக, 1980இல் நாம்கோவின் டோரு இவடானி உருவாக்கிய பேக்-மேனை எடுத்துக்கொள்ளலாம். இதில் அளவுகள் மிகத் துல்லியமானவை. முழு வேகம் என்று அந்த ஆட்டம் கொள்வது விநாடிக்கு ஏறத்தாழ 75.75 பிக்சல். திரை விநாடிக்கு 60.6 முறை புதுப்பிக்கப்படுவதால் அது ஒரு ஃபிரேமுக்கு 1.25 பிக்சல் ஆகிறது. முதல் லெவலில் பேக்-மேன் ஓடுவது இதில் 80 சதவீதம், அதாவது ஒரு ஃபிரேமுக்குச் சரியாக 1 பிக்சல். பேய்கள் வருவது 75 சதவீதம். கணக்குப் போட்டால் ஒரு பிக்சலில் பதினாறில் பதினைந்து பங்கு. ஆகவே தசமப் புள்ளி எண்களை ஒதுக்கிவிட்டு, ஒரு பிக்சலை 16 துண்டாக்கி முழு எண்களில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: பேக்-மேனுக்கு 16, பேய்க்கு 15. தசம எண்களில் தேங்கும் சிறு பிழைகள் திருப்பத்தின் நடுப்புள்ளியைத் தவறவிடச் செய்யும். முழு எண் ஏமாற்றாது.

பார்த்தால் பேக்-மேன் எப்போதும் பேயை முந்திவிடுவான் போலத் தோன்றும். ஆனால் ஒரு புள்ளியைத் தின்னும் ஒவ்வொரு முறையும் அவன் ஒரு ஃபிரேம் நின்றுவிடுகிறான். பெரிய புள்ளிக்கு மூன்று ஃபிரேம். புள்ளிகள் 8 பிக்சல் இடைவெளியில் இருப்பதால் தின்றுகொண்டே போகும் வழியில் 8 பிக்சல் கடக்க 9 ஃபிரேம் ஆகிறது, வேகம் 0.889 பிக்சலுக்கு இறங்குகிறது. பேயின் வேகமோ 0.9375. தின்றால் பிடிபடுவான், தின்னாத வழியில் ஓடினால் தப்பிப்பான் என்ற அந்த இழுபறி முழுவதும் இந்த ஒரு ஃபிரேம் நிறுத்தத்தில் அடங்கியிருக்கிறது. அதை எழுத ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாத நகல்களை நான் பல ஆடியிருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும்.

திருப்பத்தில் ஒரு சலுகையும் உண்டு. நடுப்புள்ளியை எட்டுவதற்குச் சில பிக்சல் முன்பே ஜாய்ஸ்டிக்கைத் திருப்பிவிட்டால் பேக்-மேன் மூலையைச் சாய்வாக வெட்டிச் செல்வான். பேய்களுக்கு அந்தச் சலுகை இல்லை. நம் நிரல் நடுப்புள்ளிக்கு வந்த பிறகே திசையைக் கேட்பதாக இருந்தால் கட்டை வண்டியைத் திருப்புவது போலிருக்கும். கடைசியாகக் கேட்ட திசையை நினைவில் வைத்து, திரும்ப இடம் கிடைத்த கணத்தில் அதை நிறைவேற்றுங்கள்.

நான்கு பேய்களின் குணமும் நான்கு சிறு விதிகள். பிளிங்கி நேராக ஆட்டக்காரர் நிற்கும் 8 பிக்சல் சதுரக் கட்டத்தைக் குறிவைக்கிறான். பிங்கி அவருக்கு நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கிறாள். ஆனால் பேக்-மேன் மேல் நோக்கிப் போகும்போது, ஒரு கணக்குப் பிழையால், குறி நான்கு கட்டம் மேல்பக்கமும் நான்கு கட்டம் இடப்பக்கமுமாக விழும். அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதுங்கள். இங்கியின் குறி பிளிங்கியின் இடத்தையும் சார்ந்தது. கிளைட் எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருந்தால் துரத்துவான், நெருங்கினால் தன் மூலைக்கு ஓடிவிடுவான். முதல் லெவலில் 7 விநாடி கலைவு (ஒவ்வொரு பேயும் தன் மூலைக்குப் போவது), 20 விநாடி துரத்தல் என்பது இருமுறை வருகிறது; அதன்பின் 5 விநாடி கலைவு, 20 விநாடி துரத்தல், மீண்டும் 5 விநாடி கலைவு, பிறகு முடிவில்லாத துரத்தல். பேக்-மேன் பெரிய புள்ளியைத் தின்றதும் வரும் பயந்த நிலையில் பேய்கள் சீரற்ற முறையில் திரும்புகின்றன. எனினும் அந்தச் சீரற்ற எண்ணின் விதை ஒவ்வொரு லெவலின் தொடக்கத்திலும், ஒவ்வொரு புதிய உயிரிலும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஒரே பாதையை மனப்பாடம் செய்து ஆடுகிறவர்களின் வித்தை பலிப்பதற்கு அதுதான் காரணம்.

ஓசையும் ஓட்டமும்

ஸ்பேஸ் இன்வேடர்ஸின் நான்கு தாழ்ந்த ஒலிகள் மீண்டும் மீண்டும் வந்து, ஆட்கள் குறையக் குறைய விரைவுபடும். என் முதல் வடிவத்தில், லெவல் தொடங்கி எத்தனை விநாடி ஆயிற்று என்பதைக் கொண்டு அந்த ஒலியை விரைவுபடுத்தியிருந்தேன். சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டும் என் மாமா, பொங்கலுக்கு வந்தவர், பத்து நிமிடம் ஆடிவிட்டுக் கைப்பிடியைக் கீழே வைத்தார். “சத்தம் ஒரு பக்கம் போகுது, ஓட்டம் ஒரு பக்கம் போகுது மாப்பிள்ளை. தறியா இருந்தா இந்நேரம் நூல் அறுந்திருக்கும்” என்றார். நிரல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது; நாள் முழுவதும் இருபது தறிகளின் நடுவில் நின்று, எந்தத் தறி தடுமாறுகிறது என்பதைக் காதால் கண்டுபிடிப்பவர். அசலில் அந்த ஒலியின் இடைவெளி, உயிருடன் இருக்கும் ஏலியன்களின் எண்ணிக்கையைக் கொண்ட ஓர் அட்டவணையிலிருந்து வருகிறது. அப்படி மாற்றியதும் இரண்டும் ஒன்றுகூடிவிட்டன.

ஒலி தாமதமாக வந்தாலும் இதே தடுமாற்றம்தான். விநாடிக்கு 44,100 மாதிரி என்ற வழக்கமான அமைப்பில் ஒலித் தேக்கம் (ஒலிக்குமுன் சேர்த்து வைக்கும் அளவு) 2,048 மாதிரியாக இருந்தால் 46 மில்லிவிநாடி தாமதம், அதாவது ஏறத்தாழ மூன்று ஃபிரேம். அதை 512க்குக் குறைத்தால் 12 மில்லிவிநாடிக்குள் அடங்கிவிடும். பேக்-மேன் வகை ஒலிக்கு, 32 மாதிரிகளும் மாதிரிக்கு 4 பிட்டும் கொண்ட சிறு அலைவடிவங்களை மூன்று குரல்களில் ஒலிக்கச் செய்தால் போதும். நாம்கோவின் சில்லு செய்தது அதுவே. அந்தக் கரகரப்பை மென்மையாக்க முயல வேண்டாம்.

திரை

ஆட்டத்தை அதன் சொந்த அளவில், 224க்கு 256 அல்லது 288 என்ற சிறு பரப்பில் வரைந்து முடித்து, கடைசியில் ஒரே ஒரு முறை முழு எண்ணால் பெருக்குங்கள். 1080 வரி டிவியில் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் நான்கு மடங்கில் 1,024 வரியாக அழகாக உட்காரும். பேக்-மேன் மூன்று மடங்கில் 864 வரி. மேலும் கீழும் 108 வரி கறுப்பாக விடப்படும். அந்தக் கறுப்பைப் பொறுக்காமல் 3.75 மடங்காக இழுத்தால் சில பிக்சல்கள் மூன்று வரித் தடிமனும் சில நான்கு வரித் தடிமனுமாகி, ஓடும் உருவம் நடுங்கும். பக்கங்களை இழுத்துத் திரை முழுவதும் நிரப்பும் பழக்கம் அதைவிட மோசம். நம் வீட்டுப் பெரியவர்கள் பழைய படங்களையே அப்படி இழுத்துப் பார்ப்பவர்கள் என்பதால் டிவியின் அமைப்பில் போய் அதை நிறுத்திவிட்டு வாருங்கள்.

ஸ்பேஸ் இன்வேடர்ஸின் நிறத்தில் ஒரு நயம் உண்டு. அசல் இயந்திரம் கறுப்பு வெள்ளை. திரையின் மேல் நிறத்தாள் பட்டைகளை ஒட்டித்தான் பச்சையும் சிவப்பும் காட்டினார்கள். ஆகவே நிறம் ஏலியனுக்கு உரியதன்று, இடத்துக்கு உரியது. கீழே பச்சையாகக் கிளம்பும் குண்டு நடுவில் வெள்ளையாகி, உச்சியில் சிவப்பாக வேண்டும். வெள்ளையில் வரைந்து முடித்த பின் பட்டைகளின் நிறத்தை அதன் மேல் ஏற்றினால் வேலை முடிந்தது.

டிவியின் தாமதம்தான் பெரிய தலைவலி. படத்தை மெருகேற்றும் வேலைகளை நிறுத்தும் ‘கேம் மோட்’ அமைப்பை முதலில் போடுங்கள். பிறகு அளந்து பாருங்கள்: விநாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவியக்க வசதி உள்ள ஃபோனில், பட்டனை அழுத்தும் விரலும் திரையும் சேர்ந்து தெரியும்படி பதிவு செய்து, விரல் இறங்கியதிலிருந்து குண்டு தோன்றும் வரை எத்தனை படங்கள் என்று எண்ணுங்கள். ஒவ்வொரு படமும் 4.17 மில்லிவிநாடி. 24 படம் வந்தால் 100 மில்லிவிநாடி. அந்த அளவில் பேக்-மேன் திருப்பங்களைத் தவறவிடுவான். குறையாவிட்டால் குற்றம் உங்கள் நிரலிலும் இருக்கலாம்: பட்டன்களை ஃபிரேமின் தொடக்கத்தில், கணக்குக்குச் சற்று முன்னால் படிக்க வேண்டும், படித்ததை அடுத்த ஃபிரேமுக்குத் தள்ளிவைக்கக் கூடாது. ஆட்டத்தின் ஓரடி டிவியின் ஒரு புதுப்பிப்புடன் பூட்டப்பட்டிருக்கட்டும். 60.6க்கும் 60க்கும் உள்ள வேறுபாடு ஒரு சதவீதமே. அது யாருக்கும் தெரியாது.

பலகையும் பெட்டியும்

2021இல் வந்த ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சிறு கணினிப் பலகை இந்த வேலைக்குத் தாராளம். முதல் வடிவத்தைப் பைத்தான் மொழியில், அதன் பைகேம் நூலகத்தைக் கொண்டு எழுதிப் பார்த்துவிட்டு, நடை பிடிபட்ட பின் சி மொழிக்கு மாறுவது என் வழக்கம். ராஸ்பெர்ரி பை பிகோ இன்னும் மலிவு, மின்சாரம் வந்த கணமே எழுந்துவிடும், மெமரி கார்டே தேவையில்லை. 264 கிலோபைட் நினைவகத்தில் 224க்கு 256 பரப்பு, புள்ளிக்கு ஒரு பைட் வீதம், 57,344 பைட்டாக இடம் பிடித்தும் மிச்சம் இருக்கும். ஆனால் அதிலிருந்து வழக்கமாக எடுக்கும் டிவி வெளியீடு 480 வரி. 256 வரியை அதில் இரண்டு மடங்காக்க முடியாது. ஒரு மடங்கில் படம் திரையின் பாதியில் சுருங்கிக் கிடக்கும். நின்றவாக்கு ஆட்டங்களுக்கு அதனால்தான் நான் பிகோவை விட்டுவிட்டேன்.

ஜாய்ஸ்டிக்கில் நான்கு திசை, எட்டுத் திசை என இரு வகை உண்டு. பேக்-மேனுக்கு நான்கு திசைதான் வேண்டும். எட்டுத் திசைக் கைப்பிடியில் மேலும் வலமும் சேர்ந்து அழுந்தினால் நிரல் திகைத்துப்போகும். பல கைப்பிடிகளின் அடியில் உள்ள தடுப்புத் தகட்டைத் திருப்பிப் போட்டாலே நான்கு திசையாகிவிடும். கடையில் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டனின் ஒரு முனையைப் பலகையின் உள்ளீட்டு முள்ளிலும் மறுமுனையைக் கிரவுண்டிலும் இணைத்து, பலகையின் உள்ளிருக்கும் இழுப்பு (புல்-அப்) மின்தடையை இயக்கிவிட்டால் போதும். முள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். 5 வோல்ட் பட்டால் பலகைக்குப் பால் ஊற்ற வேண்டியதுதான். சுவிட்சின் தகடு துள்ளுவதால் ஓர் அழுத்தம் இரண்டாகப் பதிவாகாமல் இருக்க, அழுத்தத்தை உடனே ஏற்றுக்கொண்டு அடுத்த 5 மில்லிவிநாடிக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள். துள்ளல் அடங்கட்டும் என்று காத்திருந்து பிறகு ஏற்பது, நாமே தாமதத்தை விலைக்கு வாங்குவதாகும்.

பெட்டிக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. கோயம்புத்தூரின் கணபதி, பீளமேடு பக்கத்து லேசர் வெட்டுப் பட்டறைகளில் 2 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் வரைபடத்தைக் கொடுத்தால் வெட்டி மடித்துத் தருவார்கள். ஓரிரு உருப்படிக்கு வேலை எடுப்பார்களா என்பதை மட்டும் முன்கூட்டிக் கேட்க வேண்டும். ஆர்கேட் பட்டனுக்கு 30 மில்லிமீட்டர் துளை. பவுடர் கோட்டிங் போடுவதாக இருந்தால் பூச்சின் தடிமன் துளையைச் சுருக்கிவிடும் என்பதை நினைவில் வைத்து, சிறு தளர்வு கொடுத்து வரையுங்கள். நான் கொடுக்காமல், ஆறு துளைகளையும் அரத்தால் ராவிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். பலகை தகட்டைத் தொடாதபடி நைலான் தாங்கிகளில் நிறுத்த வேண்டும். இரும்பு வேண்டாம் என்பவர்களுக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் போதும், அதில் கை வைத்தால் சூடும் குளிரும் ஏறாது.

கரண்ட் போனாலும் கெடாத பெட்டி

டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். யுஎஸ்பி 2.0 துளை உறுதி தருவது அரை ஆம்பியர் மட்டுமே. 5 வோல்ட், 2.5 ஆம்பியர் தரும் தனி அடாப்டரைப் பயன்படுத்துங்கள். பெயர் தெரியாத மலிவு அடாப்டர் ஒன்றை நான் போட்டிருந்தபோது, சமையலறையில் கிரைண்டர் ஓடத் தொடங்கும் நொடியிலெல்லாம் ஆட்டம் செத்து மறுபடி எழுந்தது. இட்லி மாவு ஆட்டும் நாளில் ஸ்கோர் ஏறாது என்று வீட்டில் ஒரு பழமொழியே பிறந்துவிட்டது. அடாப்டரை மாற்றியதும் அந்தப் பழமொழி பொய்த்தது.

இந்தப் பெட்டியை யாரும் முறையாக நிறுத்த மாட்டார்கள். சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவார்கள், அல்லது கரண்டே போய்விடும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் மெமரி கார்டின் கோப்பமைப்பு சிதையும். ஆகவே எல்லாவற்றையும் நிறுவி முடித்த பின், இயங்குதளம் இருக்கும் பகுதியைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள்; ராஸ்பெர்ரி பையின் அமைப்பு நிரலில் ‘ஓவர்லே’ என்ற பெயரில் அந்த வசதி உண்டு. அதிகபட்ச ஸ்கோருக்கு மட்டும் தனியாக ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, புதிய ஸ்கோரை முதலில் வேறொரு கோப்பில் எழுதி, அது கார்டில் இறங்கியதை உறுதி செய்த பின் பழைய பெயருக்கு மாற்றுங்கள். இடையில் மின்சாரம் போனால் பழைய கோப்போ புதிய கோப்போ இரண்டில் ஒன்று முழுதாக இருக்கும். இயங்குதளம் எழுந்ததும் வேறெதற்கும் காத்திராமல் ஆட்டத்தைத் தொடங்கும்படி அமைத்து, வலைப்பின்னல், ப்ளூடூத் முதலிய சேவைகளை நிறுத்திவிட்டால் எழும் நேரம் கணிசமாகக் குறையும். டிவிக்கு முன்னால் பெட்டிக்கு மின்சாரம் வந்துவிட்டால் படம் வராமல் போகலாம். டிவி இருக்கிறதோ இல்லையோ எச்டிஎம்ஐ வழியாகப் படத்தை அனுப்பிக்கொண்டே இரு என்று சொல்லும் அமைப்பை இயக்கி வைப்பது அதற்கு மருந்து.

பெட்டியை மூடுமுன் ஒரு சோதனை: ஆட்டத்தின் நடுவில், ஸ்கோர் பதிவாகும் கணத்தில், தொடங்கி எழுந்துகொண்டிருக்கும்போது என்று மாறி மாறி இருபது முறையாவது சுவிட்சைத் தட்டி அணையுங்கள். இருபதிலும் ஆட்டம் எழுந்து வந்து, ஸ்கோரும் அழியாமல் இருந்தால் திருகுகளை முடுக்கலாம். முடுக்குமுன், இயங்குதளமும் ஆட்டமும் அடங்கிய அதே படிமத்தை எழுதிய இன்னொரு மெமரி கார்டை உள்மூடியில் டேப் போட்டு ஒட்டி, அதன் மேல் தேதியையும் எழுதிவிடுங்கள்.